வெடிமருந்தும் சிறுநீரில் வந்த நுரையும்

ஒரு கரண்டியில் கொஞ்சம் சிறுநீர். அடியில் ஒரு மெழுகுவர்த்தி. சூடு ஏற ஏற அந்தத் திரவம் கலங்கி, முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது ஆவது போல வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிடுகிறது. லண்டனில் உள்ள கைஸ் மருத்துவமனையில் 1820களில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் செய்த சோதனை இவ்வளவுதான். இன்று சிறுநீரக மருத்துவம் என்று தனித் துறையே இருக்கிறதே, அது இந்தக் கரண்டியில் இருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம்.

அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1847ல், இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் ஒரு புது எண்ணெயைத் தயாரித்தார். லேசாகத் தட்டினாலே வெடித்துவிடும் எண்ணெய்! அதில் துளியை நாக்கில் வைத்துப் பார்த்தவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. அந்த எண்ணெய்தான் நைட்ரோகிளிசரின்.

சிறுநீரில் திரிந்த வெள்ளைக்கும் வெடிக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? 19ஆம் நூற்றாண்டில் யாரிடம் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் ஏறத்தாழ 150 ஆண்டுகள் தனித்தனியாக நடந்துவந்த இந்த இரண்டு கதைகளும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து சேர்ந்தன. அந்த இடம் சிறுநீரகத்துக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரத்தக்குழாய்ச் சுருள்.

கரண்டியில் தெரிந்த நோய்

சிறுநீரில் நுரை வந்தால் சிறுநீரகத்தில் கோளாறு, அது நாள்பட்ட நோயாக இருக்கும் என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் குறிப்புகளிலேயே இருக்கிறது. 1764ல் நேப்பிள்ஸ் மருத்துவர் டொமினிகோ கொட்டூன்யோ, உடம்பெல்லாம் வீங்கிப்போன ஒரு படைவீரனின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். அது முட்டை வெள்ளைக்கரு போல உறைந்தது. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அதைப் பிடித்தவர் பிரைட். நோயாளி உயிரோடு இருக்கும்போது சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். இறந்த பிறகு உடலைத் திறந்து சிறுநீரகத்தைப் பார்த்தார். வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்டுப்போன சிறுநீரகம் என்ற மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று 1827ல் வெளியிட்ட நூலில் காட்டினார். 1842ல் கைஸ் மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. பக்கத்திலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடமும் அமைந்தது. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் இதை "பிரைட் நோய்" என்றுதான் சொன்னது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த செஸ்டர் ஆர்தர் பதவியில் இருக்கும்போதே இந்த நோயை வெளியே சொல்லாமல் மறைத்து, பதவி விலகிய அடுத்த ஆண்டு 1886ல் இறந்துபோனார்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. ரத்தத்தை வெளியேற்றினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், வியர்க்க வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் சிறுநீரில் போகும் புரதத்தை ஈடுகட்ட இன்னும் அதிகமாகப் புரதம் சாப்பிடுங்கள் என்று சொன்ன காலம் உண்டு.

இங்கே சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல் கண்டு போலச் சுருண்டிருக்கும். இதற்குக் குளோமெருலஸ் என்று பெயர். ரத்தம் ஒரு குழாய் வழியாக உள்ளே வந்து இன்னொரு குழாய் வழியாக வெளியே போகிறது. நடுவில் இருக்கும் அழுத்தத்தால் நீரும் கழிவும் வடிந்து இறங்குகின்றன. இப்படி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகிறது. அதில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேறுகிறது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தை இந்த வடிகட்டி அநேகமாக முழுவதுமே தடுத்துவிடும். ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் அது சிறுநீரில் போகும். வடிகட்டி கெட்டுப்போனால் கிராம் கணக்கில் போகும்.

பிரைட் காலத்தில் இருந்து நெடுநாள் வரை மருத்துவர்கள் இந்தக் கசிவை ஓர் அடையாளமாக மட்டுமே பார்த்தார்கள். வீடு தீப்பிடித்தால் புகை வருகிறது. புகையை விரட்டினால் தீ அணையுமா? அப்படித்தான் நினைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவைத் தவறான தலைப்பின் கீழ் எழுதிவிட்டால் எத்தனை ஆண்டு புரட்டினாலும் நஷ்டத்தின் காரணம் தெரியாது. சிறுநீரகப் புரதக் கணக்கும் அப்படி 150 ஆண்டுகள் தவறான தலைப்பில் கிடந்தது.

தலைவலி தந்த எண்ணெய்

இப்போது அந்த எண்ணெய்க்கு வருவோம். ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை வியாபாரமாக்கினார். 1864ல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உட்படச் சிலர் இறந்தார்கள். 1867ல் அந்த எண்ணெயை ஒரு வகை மண்ணில் ஊறவைத்துப் பத்திரமான டைனமைட்டாக்கிக் காப்புரிமை பெற்றார்.

டைனமைட் தொழிற்சாலைகளில் ஒரு விநோதம் நடந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரும் தொழிலாளிகளுக்குத் தலை பிளந்துவிடுவது போல வலிக்கும். இரண்டொரு நாளில் வலி போய்விடும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வந்தால் மறுபடியும் வலி! காற்றில் கலந்த நைட்ரோகிளிசரின் ரத்தக்குழாய்களை விரித்ததுதான் வலிக்குக் காரணம். உடம்பு இரண்டு நாளில் அதற்குப் பழகிக்கொள்ளும். விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். இந்தத் திங்கட்கிழமைத் தலைவலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது ஒரு பெரிய தடையாக வந்து நிற்கும்.

லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் அதே எண்ணெயை மிகவும் நீர்க்கச் செய்து தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். நாடி படபடவென்று அடித்தது. இதயத்துக்குப் போகும் ரத்தம் குறைவதால் வரும் நெஞ்சுவலிக்கு இது நல்ல மருந்து என்று 1879ல் லான்செட் இதழில் எழுதினார். வெடிமருந்து மருந்துக்கடைக்கு வந்தது. பெயரைக் கேட்டு மக்கள் பயந்துவிடக் கூடாது என்று "ட்ரைநைட்ரின்" என்ற பெயரில் கொடுத்தார்கள். 1896ல் இதய நோயால் அவதிப்பட்ட நோபலுக்கே மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுத்தார்கள். விதியின் கேலி என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி இறந்துவிட்டார்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் இன்னும் 80 ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை.

பெயர் தெரியாத தூதுவன்

1977ல் ஃபெரிட் முராட் என்ற அமெரிக்க மருத்துவர், நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகளில் இருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு வெளிப்படுவதையும், அது குழாயின் தசையில் உள்ள ஒரு நொதியைத் தூண்டித் தசையைத் தளர்த்துவதையும் கண்டார். நைட்ரிக் ஆக்ஸைடா? வாகனப் புகையில் வரும் நச்சு வாயு அல்லவா அது! உடம்புக்குள் அதற்கு என்ன வேலை?

நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் இன்னொரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருள் சில நேரம் ரத்தக்குழாயை விரித்தது, சில நேரம் சுருக்கியது. காரணம் என்ன என்று தேடியபோது, குழாயைத் துண்டு போடும்போது அதன் உள்பக்கத்தில் உள்ள மெல்லிய செல் படலம் தேய்ந்துபோவது தெரிந்தது. படலம் இருந்தால் குழாய் விரியும், தேய்ந்துவிட்டால் விரியாது. அப்படியென்றால் அந்தப் படலம் ஏதோ ஒரு பொருளை அனுப்புகிறது. 1980ல் இதை நேச்சர் இதழில் வெளியிட்டார். ஆனால் அந்தப் பொருள் சில விநாடிகளிலேயே மறைந்துவிடுவதால் யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை.

1986ல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாக அது நைட்ரிக் ஆக்ஸைடாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். 1987ல் இக்னாரோ குழுவும், இங்கிலாந்தில் சால்வடார் மொன்காடா குழுவும் அதை நிரூபித்தன. நைட்ரோகிளிசரின் வெளியில் இருந்து கொடுத்த அதே வாயுவை உடம்பு தானாகவே தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறது! 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் சாப்பிட்ட மருந்துக்கான விளக்கத்துக்கு நோபல் பரிசு. மொன்காடாவை விட்டுவிட்டார்களே என்ற சர்ச்சையும் கூடவே எழுந்தது.

எலிகள் சொன்ன செய்தி

இதே காலத்தில் பாஸ்டனில் பேரி பிரென்னரும் அவர் குழுவினரும் எலிகளின் சிறுநீரகத்தைப் பெருமளவு வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் பகுதி என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒவ்வொரு வடிகட்டியும் இறந்துபோன வடிகட்டிகளின் வேலையையும் சேர்த்துச் செய்தது. அதனால் அதற்குள் அழுத்தம் ஏறியது. புரதம் கசிந்தது. கடைசியில் அதுவும் தழும்பாகிச் செத்தது. கசிந்த புரதமே வடிகட்டிக்குக் கீழே உள்ள குழல்களைப் புண்ணாக்குகிறது என்பதற்கும் பிறகு ஆதாரங்கள் சேர்ந்தன. புகை என்று நினைத்தது தீயைப் பரப்பும் பொறியாகவும் இருந்தது. கணக்கு சரியான தலைப்புக்கு மாறிய இடம் இதுதான்.

1986ல் இந்தக் குழுவினர் செய்த ஒரு சோதனை முக்கியமானது. ஒரு பிரிவு எலிகளுக்குப் பழைய ரத்த அழுத்த மருந்துகள் மூன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எனலாப்ரில். இரண்டு பிரிவிலும் உடம்பின் ரத்த அழுத்தம் ஒரே அளவு குறைந்தது. ஆனால் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தமும் புரதக் கசிவும் குறைந்தது எனலாப்ரில் பிரிவில்தான். ஆக, கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அழுத்தம் வேறு, வடிகட்டிக்குள் நடப்பது வேறு.

1992ல்தான் இரண்டு கதைகளும் நேருக்கு நேர் சந்தித்தன. கிறிஸ் பேலிஸ் குழுவினர் எலிகளுக்கு உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியாகாமல் தடுக்கும் பொருளை இரண்டு மாதம் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது, குளோமெருலஸ் சேதமானது, சிறுநீரில் புரதம் வந்தது. பிரைட் கரண்டியில் பார்த்த அதே புரதம்! அதே ஆண்டு லண்டனில் பேட்ரிக் வாலன்ஸ், மொன்காடா முதலானோர் இன்னொன்றைக் காட்டினார்கள். நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியைத் தடுக்கும் ஒரு பொருள் நம் உடம்பிலேயே உருவாகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது சேராமல் நீங்கிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் அது தேங்கிவிடுகிறது. அதாவது சிறுநீரகம் கெட்டால் நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது, நைட்ரிக் ஆக்ஸைடு குறைந்தால் சிறுநீரகம் மேலும் கெடுகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்பது போல.

பாம்பு விஷம் முந்திக்கொண்டது

அப்படியானால் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? கேள்வி நியாயமானது. ஆனால் சிறுநீரக நோயாளிகளைக் காப்பாற்ற முதலில் வந்தது அந்த மருந்து கிடையாது. பிரேசில் நாட்டுப் பாம்பு ஒன்றின் விஷத்தில் இருந்து பிறந்த மருந்து!

பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ ஃபெரைரா, ஜராராக்கா என்ற விரியன் வகைப் பாம்பின் விஷத்தில், ரத்தக்குழாயை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளின் வேலையைப் பெருக்கும் ஏதோ ஒன்று இருப்பதாக 1965ல் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்து அந்த யோசனை அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்துக்குப் போய், டேவிட் குஷ்மன், மிகுவேல் ஒண்டெட்டி கைகளில் கேப்டோபிரில் என்ற மாத்திரையானது. 1981ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எனலாப்ரில் இதன் தம்பிதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் கேப்டோபிரிலை அதிக அளவில் கொடுத்தபோது நூற்றில் ஒருவர் அளவில் சிலருக்குச் சிறுநீரில் புரதம் வந்தது. சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கே மருத்துவர்கள் தயங்கினார்கள். 1993ல் முடிவு தலைகீழானது. முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்த 409 பேரிடம் நடந்த ஆய்வில், கேப்டோபிரில் எடுத்தவர்களுக்கு மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றில் ஒன்று நேரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. 2001ல் லோசார்டான், இர்பெசார்டான் மருந்துகளும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் பலன் தந்தன. இந்த மருந்துகள் குளோமெருலஸில் இருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை இறக்குகின்றன.

இதில் நைட்ரிக் ஆக்ஸைடுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. கேப்டோபிரில் தடுக்கும் நொதிதான் பிராடிகைனினையும் சிதைக்கிறது. அதைத் தடுத்தால் பிராடிகைனின் கூடுகிறது. பிராடிகைனின் கூடினால் ரத்தக்குழாயின் உள்படலம் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகிறது. பாம்பு விஷத்தின் பின்வாசல் வழியாக நைட்ரிக் ஆக்ஸைடும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது.

நேர்வழி ஏன் அடைபட்டது?

இங்கேதான் திங்கட்கிழமைத் தலைவலி திரும்பி வருகிறது. டைனமைட் தொழிலாளியின் உடம்பு இரண்டு நாளில் பழகிக்கொண்டது போலவே, நோயாளியின் உடம்பும் நைட்ரோகிளிசரினுக்குப் பழகிவிடுகிறது. இடைவெளி விடாமல் கொடுத்தால் மருந்து வேலை செய்வது நின்றுவிடும். நெஞ்சுவலிக்கு இதைச் சமாளிக்கலாம், தினமும் சில மணி நேரம் மருந்தில்லாமல் விடுவார்கள். ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு விடுமுறை கிடையாது. 24 மணி நேரமும், ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பு வேண்டும். கூடவே, உடம்பு முழுவதும் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் நலிந்த சிறுநீரகம் மேலும் நலியும்.

வேறு வழிகளையும் தேடினார்கள். நைட்ரிக் ஆக்ஸைடுக்குக் கச்சாப்பொருள் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம். அதையே கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளில் நன்றாக இருந்தது, மனிதச் சிறுநீரக நோயாளிகளிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அர்ஜினைன் கொடுத்த ஓர் ஆய்வு 2006ல் வெளியானது. அர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. "இயற்கையான பொருள்தானே" என்று டப்பாவில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

வலி மாத்திரைகளோடு நைட்ரிக் ஆக்ஸைடு தரும் மூலக்கூறை ஒட்டவைக்கும் முயற்சியும் நடந்தது. சாதாரண வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒட்டவைத்த வாயு அதைச் சரிக்கட்டும் என்று எதிர்பார்த்தார்கள். பிரான்ஸ் நாட்டின் நிகாக்ஸ் நிறுவனம் தயாரித்த நாப்ராக்சினாட் என்ற மருந்துக்கு 2010ல் அமெரிக்கா ஒப்புதல் தர மறுத்துவிட்டது.

அதன் பிறகு யோசனையே மாறியது. வாயுவைக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த வாயு தட்டும் கதவை நாமே திறந்துவிட்டால் என்ன? முராட் கண்ட அந்த நொதியை நேரடியாகத் தூண்டும் மருந்துகள் வந்தன. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு ரியோசிகுவாட் 2013லும், இதயச் செயலிழப்புக்கு வெரிசிகுவாட் 2021லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இதே வழியில் சிறுநீரகத்துக்கும் ஆய்வுகள் நடந்தன. ப்ராலிசிகுவாட் மருந்தைச் சர்க்கரை நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்த ஆய்வு 2020ல் வெளியானது. புரதம் குறைந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. அவென்சிகுவாட் என்ற இன்னொரு மருந்தை 20 வாரம் கொடுத்தபோது புரதக் கசிவு போலி மாத்திரையை விடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால்...

குறைந்தது புரதமா, நோயா?

2008ல் வெளியான ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வு இங்கே ஒரு பாடம். 25,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு அது. ராமிப்ரில், டெல்மிசார்டான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைப் பாதுகாப்பு என்று எதிர்பார்த்தார்கள். தனி மருந்தை விடப் புரதக் கசிவும் கட்டுக்குள் இருந்தது. ஆனால் சிறுநீரகங்கள் அதிகமாகக் கெட்டன! இந்தக் கூட்டு மருந்து அற்புதம் என்று 2003ல் லான்செட் வெளியிட்ட வேறோர் ஆய்வை, நம்பகத்தன்மை இல்லை என்று 2009ல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

லாப நஷ்டக் கணக்கில் லாபம் தெரிவதும் கல்லாவில் பணம் இருப்பதும் ஒன்றல்ல. சிறுநீரில் புரதம் குறைந்தது என்ற அறிக்கையும் அப்படித்தான். புரதக் கசிவை வெறும் அடையாளம் என்று 150 ஆண்டுகள் ஒதுக்கியது ஒரு தவறு. அந்த எண் குறைந்தால் போதும், எல்லாம் சரி என்று நினைப்பது அதே தவறின் மறுபக்கம். 12 வாரம், 20 வாரம் ஓடிய ஆய்வுகளுக்கு அடுத்து, எத்தனை பேர் டயாலிசிஸ் மேஜைக்குப் போகாமல் தப்பினார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தாக வேண்டும். கேப்டோபிரில் அந்தத் தேர்வை எழுதித் தேறியது. 2019, 2020ஆம் ஆண்டுகளில் கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகளும் தேறின. நைட்ரிக் ஆக்ஸைடின் பாதையைத் தொடும் மருந்துகள் இப்போதுதான் தேர்வு அறையின் வாசலுக்கு வந்திருக்கின்றன.

சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்போது வலிக்காது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கால் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவரிடம் போகும்போது பலருக்கு வடிகட்டிகளில் பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்கு வெகு முன்பே சிறுநீரில் புரதம் சொல்லிவிடுகிறது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான். மருந்துகள் பாம்பில் இருந்து வந்தன, வெடிமருந்தில் இருந்தும் வரலாம். ஆனால் யாருக்கு மருந்து வேண்டும் என்று முதலில் காட்டுவது இன்றைக்கும் பிரைட்டின் கரண்டியில் தெரிந்த அதே வெள்ளைதான். கரண்டி மட்டும் கண்ணாடிக் குப்பியாக மாறியிருக்கிறது.